கம்பூட்ஸ், 6-ஆம் நம்பர், 480 ரூபாய்: ஆறு மாதம் போட்ட பிறகு

கோத்தகிரி மார்க்கெட்டில் ஜூலை மாதம் வாங்கியது. கறுப்பு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். கடைக்காரர் ரப்பர் என்றார். வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தால் பிவிசி. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இந்த விலைக்கு அங்கே தொங்குகிற எல்லா ஜோடியும் ஏறக்குறைய இதே லட்சணம்தான்.

முதல் குறை அளவு. இந்த மலையில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள், ஆனால் கடையில் கம்பூட்ஸ் 7-இல்தான் ஆரம்பிக்கிறது. என் கால் 5. பரணில் தேடி ஒரு 6 எடுத்துக் கொடுத்தார். இரண்டு சாக்ஸ் போட்டால் நிற்கிறது. ஒன்று போட்டால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும்.

எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலைக்கு பழைய ரப்பர் செருப்பே போதும். இதை வாங்கியது தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்குவதற்கு. மேப்பில் அதற்குப் பெயர் கிடையாது. சோலைக்குள் பிறந்து, எங்கள் ஊரைத் தாண்டி, வடக்குச் சரிவில் விழுந்து மாயாற்றில் சேர்கிறது. அதன் மேல் ஒரு கான்கிரீட் பாலம் கட்டப் போகிறார்கள் என்று ஜூன் மாதம் தெரிந்தது. ஆற்றின் நடுவே இரண்டு தூண், இரு கரையிலும் சோலை மரங்களை வெட்டி அகலமான ரோடு.

அக்கரையில் 11 வீடு இருக்கிறது. அங்கே யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் கட்டிலோடு தூக்கி வருகிறோம். அதனால் பாலமே வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. 200 மீட்டர் மேலே, பழைய நடைபாலம் இருக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் பாறை. அங்கே தண்ணீருக்குள் தூண் இல்லாமல் ஒரே தாவலில் கட்டுங்கள், ஆம்புலன்ஸ் போனால் போதும் என்கிறோம். அவர்கள் காட்டும் இடத்தில் பாலம் வந்தால் அந்த 11 வீட்டை விட, அதற்கு அப்பால் பிளாட் போட்டு வைத்திருக்கும் நிலத்துக்குத்தான் வழி நேராகப் போகிறது. ஏன் அந்த இடம் என்று கேட்டால் பதில் வரவில்லை.

சரி, பூட்ஸுக்கு வருகிறேன். தண்ணீருக்குள் நிற்க இது நல்ல சாமான், அதில் சந்தேகமே இல்லை. இங்கே ஆகஸ்ட் காலையில் வெறுங்காலோடு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். இதோடு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். நின்றால்தான் தெரிகிறது. ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் தட்டானின் குஞ்சு. மணல் துகளை ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி அதற்குள் வாழும் ஒரு புழு. கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல் நீள மீன். பக்கத்து மரப்பெரணி மேலிருந்து சீகாரப் பூங்குருவி யாரோ ஒரு பையன் விசிலடிப்பது போலப் பாடும். முப்பது வருடமாக இந்த ஆற்றில் துணி துவைத்திருக்கிறேன், ஒரு கல்லைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மண் பரிசோதனை என்று ஜேசிபி வந்து கரையில் ஒரு குழி தோண்டியது. ஒரே ஒரு குழி. அன்று ராத்திரி மழை. மறுநாள் அதற்குக் கீழே கற்களைப் புரட்டினேன். அடிப்பக்கம் எல்லாம் மாவு அப்பியது போல வண்டல், புழுக்கூடுகள் அதற்குள் புதைந்து கிடந்தன. குழிக்கு மேலே இருந்த கற்கள் பழையபடியே இருந்தன. கூழாங்கற்களுக்கு இடையே தண்ணீர் ஓடுகிற சந்துதான் இந்த ஜீவன்களுக்கு வீடு, முட்டைக்கு மூச்சு. அது அடைத்தால் மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே உயிர் இருக்காது. ஒரு குழிக்கே இப்படி. தூணுக்கு அஸ்திவாரம் தோண்டி, சிமென்ட் தண்ணீர் வேறு கலந்தால்? சிமென்ட் தண்ணீரின் காரம் மீனின் செவுளை அரித்துவிடும். மரம் போனால் வெயில் நேராக விழுந்து தண்ணீர் சூடேறும், பாசி பிடிக்கும்.

பாசி என்றதும் இரண்டாவது குறை. அடிப்பாகம் சேற்றில் நன்றாகப் பிடிக்கிறது, பாசிப் பாறையில் சோப்பு மாதிரி வழுக்குகிறது. இரண்டு முறை உட்கார்ந்தேன். அப்புறம் தேங்காய்க் கயிற்றைப் பாதத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன், அதற்குப் பிறகு விழவில்லை. அட்டைக்கு இது தடுப்பு என்று நினைக்காதீர்கள். மேலே ஏறி வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும். சாக்ஸில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய உபயோகம் நானே கண்டுபிடித்தது. பூட்ஸின் வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயின்டில் போட்டேன். ஆற்றில் ஒரு குறிப்பிட்ட கல் மேல் நின்று, தண்ணீர் எந்தக் கோடு என்று வாரம் ஒருமுறை நோட்டில் எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வரைபடம் கேட்டிருந்தோம். வந்த காகிதத்தில் ஆற்றின் அகலம் 4 மீட்டர். அளந்த மாதம் மார்ச். கோத்தகிரிப் பக்கம் பெரிய மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். பங்குனியில் வந்து அளந்தால் 4 மீட்டர்தானே இருக்கும்! அக்டோபர் மூன்றாம் வாரம் நாங்கள் கயிறு பிடித்து அளந்தபோது 11 மீட்டர். கல் மேல் நின்ற எனக்குக் கடைசிக் கோட்டையும் தாண்டி தண்ணீர் பூட்ஸுக்குள் வந்துவிட்டது. (உள்ளே தண்ணீர் புகுந்தால் ஒவ்வொரு காலும் ஒரு குடம். பயந்துபோனேன். தனியாக இறங்காதீர்கள்.) 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரம் இதே ஆற்றில் முழு மரங்கள் வேரோடு உருண்டு வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நடுவில் இரண்டு தூண் இருந்தால் அந்த மரங்கள் எங்கே மாட்டும், தண்ணீர் எந்தக் கரையை அறுக்கும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை.

இதையெல்லாம் அக்டோபர் 2 கிராம சபையிலேயே சொல்ல ஆரம்பித்து, நவம்பர் 1 சபையில் நோட்டோடு போய்ச் சொன்னோம். இடத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது. அன்று நல்ல மழை, வாசலில் ஒரே மாதிரி பன்னிரண்டு ஜோடி கறுப்பு பூட்ஸ். வெள்ளைக் கோடு போட்டும் இருட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை கீழ்வீட்டுத் தம்பி வாசலில் நின்று, "அக்கா, ஆத்துக் கணக்கு எல்லாம் என் காலைக் கடிக்குது" என்றான்.

நவம்பர் கடைசியில் கணுக்கால் மடிப்பில் விரிசல். குளிரில் பிவிசி விறைக்கும், மடிகிற இடத்தில்தான் முதலில் போகும். சைக்கிள் கடையில் டியூப் ஒட்டு போட்டேன், ஒரு வாரத்தில் உரிந்து வந்துவிட்டது. தோட்டத்துக்கு மட்டும் என்றால் இரண்டு வருடம் ஓடும் என்கிறார்கள். ஆற்றுக்கு நாலரை மாதம். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம்.

திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்த பிறகு, மறுபடி அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை வந்தவர் பாலிஷ் போட்ட லெதர் ஷூவோடு ரோட்டிலேயே நின்று, பையனைக் கரை வரை அனுப்பி டேப் பிடிக்கச் சொன்னார். இந்த வாரம் மார்க்கெட் போனபோது அதே கடையில் இன்னொரு ஜோடி வாங்கினேன். 9-ஆம் நம்பர். இதற்கு விலை 520. கயிறும் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன்.