செஸ்டர் பெடல்: மலைச்சரிவில் நம்பத்தக்க துணை

கற்களும் வேர்களும் உலுக்கும் சரிவில் மலைச் சைக்கிள் ஓட்டும்போது பாதம் நழுவாதிருப்பதே முதல் தேவை என்பதால், தட்டைப் பெடலை (காலணியைப் பூட்டிக்கொள்ளாத பெடலை) எடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ரேஸ் ஃபேஸ் நிறுவனத்தின் செஸ்டர், நைலான் கலவை உடலும் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு அச்சும் கொண்டது. பாறையில் உரசும்போது அலுமினியம் பற்றிக்கொள்ளக்கூடிய இடத்தில் நைலான் பெரும்பாலும் வழுக்கி விலகிவிடுகிறது, இது இறக்கத்தில் மிகப் பெரிய நிம்மதி. காலணியைப் பற்றிப் பிடிக்கும் எஃகு முனைகள் வளைந்துபோனால் அவற்றைக் கழற்றி மாற்றலாம். நடுவில் ஆழமான குழிவு இல்லாததால், விலையுயர்ந்த அலுமினியப் பெடல்களின் பிடிப்பு இதில் கிடைக்காது. ஆனாலும், ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில் 2006, 2007, 2010 ஆண்டுகளில் தட்டைப் பெடலிலேயே டவுன்ஹில் (மலையிறக்கச் சைக்கிள் பந்தய) உலகப் பட்டம் வென்ற வழியில் செல்ல விரும்புவோர், மென்மையான ரப்பர் அடிப்பகுதியுள்ள காலணியோடும் முழந்தாள் கவசத்தோடும் இதிலிருந்தே தொடங்கலாம்.