எடமாமே: நேரடி விதைப்பா, குழித்தட்டு நாற்றா?

எடமாமே தனிப் பயிர் கிடையாது. பச்சைக் காயாகப் பறிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த, பருத்த விதையுள்ள சோயா ரகங்கள்தான் அவை. அதை வீட்டுத் தோட்டத்தில் போட நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: விதையை நேரே பாத்தியில் ஊன்றுவதா, குழித்தட்டில் நாற்று விட்டு எடுத்து நடுவதா? என் ஓட்டு நேரடி விதைப்புக்கு. புறாக்கள் வந்து உட்காரும் தோட்டம் என்றால் மட்டும் பேச்சு வேறு.

ஏன் என்பதற்கு, இந்த விதை முளைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இளந்தண்டு கொக்கி போல வளைந்து மண்ணை முட்டித் திறக்கும். பிறகு நிமிர்ந்து, தடித்த இரண்டு வித்திலைகளையும் வெளியே தூக்கி வரும். மேல்மண் காய்ந்து இறுகியிருந்தால் அந்த வளைவிலேயே தண்டு ஒடியும். தப்பி வந்தாலும் பறவைகளுக்கு வித்திலை நல்ல தீனி. வித்திலைக்குக் கீழே ஒடிந்த செடி மறுபடி துளிர்க்காது, அங்கே மொட்டே இல்லை. முதல் உண்மை இலைகள் விரிந்துவிட்டால் பறவைத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆக, நாற்று முறையின் முக்கிய லாபம் இந்தச் சில நாட்களைக் கடத்திக் கொடுப்பதுதான். அதே வேலையைப் பாத்தி மேல் கட்டிய ஒரு வலையும் செய்யும்.

தட்டைத் தேடுவதற்குக் குளிர்ந்த மண் இன்னொரு காரணம். மண்ணின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காமல் அழுகத் தொடங்கும். அங்கே குழித்தட்டு கைகொடுக்கும். 25 டிகிரியைத் தாண்டிய மண்ணில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும். தட்டுக்கு அவசியமே இல்லை. எந்த முறையானாலும் விதையை இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். சோயா விதை தண்ணீரை அவசரமாக உறிஞ்சும்போது உள் திசு சிதைந்துபோகும்.

நேரடியாக முளைத்த செடிக்கு ஆணிவேர் தடையில்லாமல் கீழே இறங்கும். தட்டில் அது அடியைத் தொட்டதும் சுருளத் தொடங்கும். அதனால் ஆழமான குழிகள் வேண்டும், முதல் மூவிலை (மூன்று சிற்றிலை சேர்ந்த இலை) வரும்போதே நட்டுவிட வேண்டும். நட்ட பிறகும் சில நாள் செடி அப்படியே நிற்கும். நீண்ட கால ரகங்களில் இது உறைக்கும். பகல் நேரம் குறையக் குறைய அவை பூக்க அவசரப்படும். தாமதமாக விதைத்தவர்களுக்கு வளர்ச்சிக்குக் கிடைப்பதே கொஞ்ச நாள், அதிலும் நடவுக்கென்று சில நாள் போனால் குட்டையான செடியில் நாலு காய்தான் மிஞ்சும்.

விதை பழையதாக இருந்தால் தட்டு நல்லது. சோயா விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும். எது முளைத்தது என்று பார்த்து நடலாம்.

வேர் முடிச்சு விஷயத்தில் இரண்டு முறைக்கும் ஒரே விதி. சோயாவுக்கென்று தனி ரைசோபியம் (வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும் பாக்டீரியா) உண்டு, சோயாவே வளர்க்காத மண்ணில் அது இருக்க வாய்ப்பு குறைவு. தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டிலும் அதை எதிர்பார்க்க முடியாது. சோயாவுக்கான நுண்ணுயிர் உரத்தை ஊன்றும் முன் விதையில் புரட்டிவிடுங்கள். பூக்கும் சமயம் ஒரு செடியைத் தோண்டி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

அறுவடையில் மட்டும் தட்டின் பக்கம் சாய்கிறேன். செடியில் உள்ள காய்களெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே திரளும். மஞ்சளடிப்பதற்கு முன் பறிக்கக் கிடைப்பது ஒரு வாரம் போல. அதனால் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டுத் தவணை தவணையாக விதைப்பதுதான் வழி. இடம் குறைவான தோட்டத்தில், முந்தைய பயிர் பாத்தியை விடும் முன்பே அடுத்த தவணை தட்டில் தயாராக நிற்கும்.

உண்மையில் இரண்டையும் கலந்து செய்வதே வசதி. பாத்தியில் ஊன்றும் அன்றே பத்து விதையைத் தட்டிலும் போட்டு வையுங்கள். எங்கே முளைக்கவில்லையோ, எங்கே புறா கொத்தியதோ, அங்கே ஒரு மாலை நேரத்தில் வேர்மண் கலையாமல் எடுத்து நட்டுத் தண்ணீர் விடலாம். வரிசை ஒரே வயதாக நிற்கும், பறிப்பதும் ஒரே நாளில் முடியும்.