காற்றொலியை அழித்துவிட்டு "இயல்பு" என்கிறது: குரல் பரிசோதனைச் செயலி

பாதி விலைக்குத் தருகிறார்கள், வாங்கலாமா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். பதிவு செய்த குரலை இயந்திரக் கற்றல் மூலம் அலசி, குரல்நாண் கோளாறுக்கான அறிகுறி உண்டா என்று சொல்லும் செயலி இது. குரல்நாண் முடிச்சுக்கு (குரல்நாணில் தோன்றும் சிறு தடிப்பு) சிகிச்சை பெற்றதிலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன்.

இதனால் எனக்குக் கிடைத்த நன்மை பெரிது. குரல்நாண்களின் அதிர்வு நேரம் சுற்றுக்குச் சுற்று எவ்வளவு தடுமாறுகிறது என்பது ஜிட்டர். ஒலியின் வலிமை தடுமாறுவது ஷிம்மர். அடுத்தடுத்து வகுப்பெடுத்த நாளின் மாலையில் இரண்டும் ஏறுகின்றன, வாயை மூடி ஓய்வெடுத்தால் இறங்குகின்றன. தொண்டை கட்டும் முன்பே பேச்சைக் குறைத்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் பதிவு செய்யும் விதம்தான் ஆத்திரமூட்டுகிறது. முடிச்சு இருந்தால் குரல்நாண்கள் முழுதாக மூடாது. இடுக்கில் காற்று கசியும். அந்தக் காற்றொலிதான் நோயின் முக்கியத் தடயம். கைப்பேசியின் இரைச்சல் நீக்கமோ அதை மின்விசிறிச் சத்தம்போல் துடைத்தெறிகிறது. "ஆ" என்று ஒரே சீராக இழுத்தால், சில நொடிகளில் அலைவடிவம் மெலிந்து தேய்வது திரையிலேயே தெரிகிறது. சீரான ஒலி எல்லாமே அதற்கு இரைச்சல். பிறகு பச்சை நிறத்தில் "இயல்பு" என்று வருகிறது. அதே மாலையில் தனி ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து ஏற்றினால் சிவப்பு! இரைச்சல் நீக்கத்தை அணைக்கச் செயலியில் வழியே இல்லை. எழுதிக் கேட்டேன், அமைதியான அறையில் பேசுங்கள் என்று பதில் வந்தது. அறையில் என்ன இருக்கிறது, குறை செயலியின் பதிவு முறையில் அல்லவா?

எந்தக் குரல்களைக் கொண்டு பயிற்றுவித்தார்கள் என்பதையும் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் குரல் தரவுத்தளத்தில் 2000க்கும் மேற்பட்டவர்களின் குரல்கள் 50 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50,000 முறை ஒலியை அளந்து, பதிவாகியுள்ளன. கைப்பேசி வடிகட்டித் தரும் ஒலி அதற்கு ஈடாகாது. 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் கண் காது மருத்துவமனைத் தொகுப்பில் நலமானவர்களையும் நோயாளிகளையும் வெவ்வேறு சூழலில் பதிவு செய்திருந்தார்கள். அதில் பயின்ற கணினி மாதிரி, குரலுக்குப் பதில் பதிவறையை அடையாளம் காணக் கற்றிருக்கலாம். இதையெல்லாம் அறிய பணம் கட்டுபவருக்கு உரிமை இல்லையா?

பாதி விலைக்கும் வாங்காதீர்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போயர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற குரல் அலசும் மென்பொருள் இலவசம். ஜிட்டரையும் ஷிம்மரையும் அதுவே கணக்கிட்டுத் தரும். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால், செயலி எந்த நிறம் காட்டினாலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். என் சந்தாவை நான் புதுப்பிக்கப் போவதில்லை.