நாலு கோடை, ஒரு அடுப்படி: எது உழைத்தது, எது பரணேறியது

எங்கள் வீடு வேலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. இதைச் சொன்னாலே ஊர்க்காரர்களுக்கு மீதி புரிந்துவிடும்.

2022 மார்ச்சில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதே சமயம் மனைவிக்கு மூட்டு வலி முற்றி, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரண்டி என் கைக்கு வந்தது. கத்திரி தொடங்கிய மே 4 அன்று மதியச் சமையலை முடித்துவிட்டு, பனியன் சொட்டச் சொட்ட வெளியே வந்து, "இதுக்குள்ள மனுஷன் நிக்க முடியுமா?" என்றேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, "முப்பது வருஷம் நான் அங்கதான் நின்னேன். அப்பல்லாம் உங்களுக்கு வேர்க்கலையே" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாததால் கடைக்குப் போனேன். அன்று தொடங்கி நாலு கோடையில் வாங்கியவை, வாங்கி ஏமாந்தவை, காசே கொடுக்காமல் கைகொடுத்தவை, இவற்றின் கணக்குதான் இது.

எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: அடுப்பு முன்னால் எத்தனை நிமிடம் நிற்கிறேன்? ருசி, விலை, அழகு எல்லாம் அப்புறம். முதல் வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்ததில் நாளைக்கு 95 நிமிடம் வந்தது. இப்போது 35 நிமிடம். இடையில் இருக்கும் ஒரு மணி நேரத்தை எது எது குறைத்தது என்று பார்ப்போம்.

பாதிப் பங்கு இண்டக்‌ஷன் அடுப்புக்குப் போகும். அதில் தீ இல்லை, பாத்திரத்தின் அடியே சூடாகிறது, பக்கவாட்டில் வீணாகும் அனல் இல்லை என்பதெல்லாம் கடைக்காரர் சொன்னதுதான். அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரிது: மின்விசிறியைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம். கேஸ் அடுப்பு எரியும்போது விசிறி போட்டால் தீ அலையும், அணையவும் செய்யும். அதனால்தான் நம் வீடுகளில் எல்லா அறையிலும் விசிறி சுற்ற, அடுப்படியில் மட்டும் கொக்கிகூட இருக்காது. எங்கள் வீட்டிலும் இல்லை. சுவரில் ஒரு சின்ன விசிறியை மாட்டினேன். என் சமையலில் வந்த மிகப் பெரிய முன்னேற்றம் அந்த விசிறிதான் என்று மகள் சொல்கிறாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகி, பிளக் உருகி நாறியது. அந்த பாயின்ட் 1,380 வாட் வரைதான் தாங்கும், அடுப்போ 2,000 வாட். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் போட்ட பிறகு தொல்லை இல்லை. அலுமினியப் பாத்திரம், வெண்கலப் பானை, மண் சட்டி எதுவும் இதில் வேலை செய்யாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சரி. எங்கள் வீட்டில் 22 பாத்திரங்களில் 7 தான் தேறின. இட்லிப் பானை தேறாததால் புதிதாக ஒன்று வாங்க வேண்டி வந்தது. தோசைக்கல்லில் நடுவட்டம் மட்டும் காய்வதால் ஓரம் வெளுத்தே இருக்கும். குறைந்த சூட்டில் வைத்தாலும் என் அடுப்பு விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது, முழு வேகத்தில் சில நொடி, பிறகு நிறுத்தம். பால் காய்ச்சும்போது பரவாயில்லை, கூழ் கிளறும்போது அடி பிடிக்கும்.

மூன்றாவது வருடம் அடுப்பு படுத்தது. திறந்து பார்த்த மெக்கானிக், அடியில் காற்று உறிஞ்சும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்ததைக் காட்டினார். கூடவே ஒரு கரப்பான் குடும்பம். இப்போது மாதம் ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மாதத்துக்குச் சுமார் 70 யூனிட் கூடியது. நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் ஏ.சி. ஓடும் வீடுகள் மீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபக்கம், 38 நாளில் தீர்ந்துகொண்டிருந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது மூன்று மாதத்தை நெருங்குகிறது. தோசைக்கும் தாளிப்புக்கும் மட்டுமே கேஸ்.

அடுத்தது தெர்மல் குக்கர். கேரளாக்காரர்கள் சூடாறாப்பெட்டி என்பார்கள். மின்சாரம் கிடையாது, விசில் கிடையாது. அரிசியும் தண்ணீருமாகக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் கொதித்ததும் பானையோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். மீதி வேகல் உள்ளேயே நடக்கும். எங்கள் புழுங்கலரிசிக்கு ஒரு மணி நேரம், பச்சரிசிக்கு அரை மணிக்கும் குறைவு. பிறகு வடித்துக்கொள்ளலாம். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் விட்டு ஒரு டம்ளர் குடித்தால் பதினொரு மணி வெயிலை எதிர்கொள்ளத் தெம்பு வரும்.

இதில் நான் செய்த தப்பு, வெந்த சாதத்தை ராத்திரிக்கும் ஆகட்டும் என்று பெட்டியிலேயே விட்டது. குழைந்ததோடு வாடையும் வந்துவிட்டது. சூடு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை சோற்றுக்கு ஆபத்தில்லை. அதற்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பில் நின்றால், கிருமிக்குப் பந்தி போட்ட மாதிரி. கல்யாணத்துக்கு வந்த பரிசாக எல்லா வீட்டிலும் நாலு ஹாட் பாக்ஸ் இருக்குமே, அவற்றில் கால்வாசி நிரப்பிய சாம்பார் மதியத்துக்குள் கெடுவது இதனால்தான். கொதிக்கக் கொதிக்க, விளிம்புவரை நிரப்பி மூடினால் நிற்கும். இல்லையென்றால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்புவது நல்லது. வெளியே 40 டிகிரி அடிக்கிற நாளில் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் மேடையில் விடுவதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் சமைக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டேன். ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் மேடையைத் துடைத்துவிடுகிறேன். காலையில் சமைத்தது மதியம்வரை நிற்க வேண்டும். அதனால் கோடையில் என்ன சமைப்பது என்பதே மாறிப்போயிற்று. தேங்காய் அரைத்துவிட்ட எதுவும் சீக்கிரம் நூல் விடும், பருப்பும் அப்படித்தான். புளியும் நல்லெண்ணெயும் தூக்கலாகப் போட்ட வற்றல் குழம்பு, ஈரக் கரண்டி படாவிட்டால் மூன்று நாள் வரும். சுண்டைக்காய் ஒரு வாரம், மணத்தக்காளி ஒரு வாரம் என்று மாற்றிக்கொள்கிறேன். மோர்க்குழம்பு அன்றன்றைக்கு மட்டும், அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

இட்லி மாவு தனிக் கதை. மிக்ஸியில் அரைத்தபோது ஜாரே சுட்டது. மே மாதத்தில் அந்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜ் மேல் விரித்த துணியெல்லாம் நாசம். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினேன். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அவ்வளவாகச் சூடேறுவதில்லை. ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்து, உப்பும் போட்டே வைக்கிறேன், உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மார்கழியில் பத்து மணி நேரம் கேட்கும் மாவு கத்திரியில் ஐந்து மணி நேரத்தில் தயார். அதனால் ராத்திரியில் அரைப்பதை நிறுத்திவிட்டு, மதியம் மூன்று மணிக்கு அரைத்து எட்டு மணிக்கு உள்ளே தள்ளுகிறேன். கிரைண்டரைக் கழுவுவதுதான் தண்டனை. அந்தக் கல்லைத் தூக்கும்போது ஒவ்வொரு முறையும் மிக்ஸி நினைவுக்கு வரும்.

காசு கொடுக்காமல் கிடைத்ததில் முதலிடம் பழைய சோற்றுக்கு. ராத்திரி பத்து மணிக்குப் புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண் சட்டியில் மூடி வைத்தால், காலை ஆறரைக்கு இளம் புளிப்போடு இருக்கும். கோடையில் எட்டு மணி நேரம்தான் என் கணக்கு, பன்னிரண்டு ஆனால் நெடி அடிக்கும். மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம், வறுத்த மோர் மிளகாய், இல்லையென்றால் மாவடு. அடுப்பு முன்னால் நிற்கும் நேரம்: மிளகாய் வறுக்கும் இரண்டு நிமிடம்.

எங்கள் பக்கம் கேழ்வரகுக் கூழும் உண்டு. ஆடி மாதத்தில் அம்மனுக்கு ஊற்றுவது, வீட்டிலோ சித்திரையிலேயே தொடங்கிவிடும். மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கிளற வேண்டும். கிளறல் 25 நிமிடம், தப்பிக்க வழியே இல்லை. ஆனால் ஒரு முறை கிளறி உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் இரண்டு நாள் கரைத்துக் குடிக்கலாம். 25 நிமிடத்தை நாலு வேளைக்குப் பங்கு போட்டால் எனக்குக் கட்டுப்படியாகிறது.

மண்பானையும் இந்தக் கணக்கில் உண்டு. இப்போது குழாய் வைத்தே விற்கிறார்கள். மணல் பரப்பிய தட்டில் பானையை வைத்து மணலை நனைத்துவிட்டால் போதும், கொஞ்சம் வெட்டிவேர் போட்டால் வாசனை. பானையின் உடம்பில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வேலூர்க் காற்று வறண்டது என்பதால் நன்றாகவே குளிர்கிறது. இதே பானையைச் சென்னையில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தேன். கடல் காற்றின் ஈரத்தில் அங்கே அவ்வளவு எடுபடவில்லை. என்னை ஏமாற்றிய கடைக்காரரைக் காட்டச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊரில் வேறு சிக்கல்: தண்ணீர் உப்பு. இரண்டாவது கோடையில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துத் துளைகள் அடைத்துக்கொண்டன, குளிர்ச்சி பாதியானது. தேங்காய் நாரால் தேய்த்ததில் ஓரளவு மீண்டது. சோப்பு போடக் கூடாது, வாசனையைப் பானை குடித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு பானை என்று முடிவு செய்துவிட்டோம், பழையதில் துளசி வளர்கிறது.

இனி பரணில் இருப்பவை. கயிற்றைப் பிடித்து இழுத்தால் காய் நறுக்கும் டப்பா, எட்டாவது மாதம் கயிறு அறுந்தது. அறுவதற்கு முன்பும் பீன்ஸைக் கூழாக்கி, கேரட்டை அப்படியே விட்டுவைக்கும். ஏர் ஃப்ரையர் பரணில் இல்லை, ஆனால் மேடையிலும் இல்லை, நடுவில் எங்கோ திரிகிறது. வெண்டைக்காய் வறுவலுக்கு அருமை. எண்ணெய் தடவிய கூழ் வடகத்தைப் போட்டேன், லேசான பண்டம் என்பதால் காற்றில் பறந்து மேலே இருக்கும் கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகியது. அப்பளத்துக்கு மைக்ரோவேவ்தான் சரி, ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும். எண்ணெயில் பொரித்ததன் ருசி வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸாஸ்ட் விசிறியை முதலில் திட்டினேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஓடுகிறது, சூடு போகவில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "சார், எல்லாக் கதவையும் சாத்திட்டு இது எந்தக் காத்தை இழுக்கும்?" என்று கேட்டார். எதிர்ப்பக்கம் கிழக்குக் கதவைத் திறந்து வைத்ததும் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது.

வடகம் போடுவதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சேலத்து ஜவ்வரிசியில் கூழ் காய்ச்சி, விடிகாலையில் வேட்டியில் ஊற்றி மாடியில் காயவைப்பது பங்குனி வேலை. மேலே பழைய கொசுவலை கட்டிய பிறகு காக்காய்த் தொல்லை ஒழிந்தது. இது கோடைச் சமையலை எளிதாக்கும் பொருளா என்றால் இல்லை, வெயிலைச் சேமித்து ஐப்பசி மழையில் தின்பது.

இத்தனைக்கும் பிறகு மீதமிருக்கும் 35 நிமிடத்தில் தாளிப்பும் தோசையும் போக, வேறெதையும் குறைக்க எனக்கு வழி தெரியவில்லை. சின்ன வெங்காயம் உரிப்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, ஏனென்றால் அது அடுப்படியில் நடப்பதில்லை. ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே, கூடத்து விசிறிக்குக் கீழே, தினத்தாளை விரித்து இருவருமாக உரிக்கிறோம். தோல் பறக்கிறது என்று விசிறியை நிறுத்தச் சொல்கிறாள். நான் நிறுத்துவதில்லை.