‘நீலகிரி ஆடு தருகிறோம், முடியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று வருகிறவரிடம் உஷார்

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ‘ஒரிஜினல் நீலகிரிச் செம்மறி, முடிக்கு நாங்களே கேரண்டி’ என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்பி ஒரு வியாபாரி ஆடு விற்கிறார். எங்களுக்குப் பத்துப் பெட்டையும் ஒரு கிடாயும் விற்றார். அதில் ஒன்றுகூட நீலகிரி இல்லை.

நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம். பட்டியில் இருப்பது கச்சைகட்டிக் கருப்புச் செம்மறி. எங்கள் மண்ணின் ஆடு, கறிக்கும் சரி, வயலில் கிடை போடவும் சரி, குறையே சொல்ல முடியாது. முட்டுக்கிடாய்க்கென்றே தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கத்தரித்து நூற்கிற மாதிரி முடி அதற்குக் கிடையாது. எங்கள் மதினி ஊட்டியில் இருந்த காலத்தில் கம்பளி நூற்கப் பழகியவர். பிள்ளைகளுக்குத் தொப்பி, காலுறை என்று செய்து விற்கிறார். கம்பளியை வெளியே வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதால், முடிக்கென்று இன்னொரு நாட்டு இனத்தையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது.

முடிக்கு என்று பார்த்தால் தமிழ்நாட்டில் முக்கியமாக மூன்று இனம். திருச்சி கருப்பும் கோயம்புத்தூர் குறும்பையும் சமவெளி வெயிலில் இருப்பவை. ஆனால் முடி முரடு, போர்வைக்கும் விரிப்புக்கும்தான் ஆகும். குழந்தை தலையில் போட முடியாது. நீலகிரி ஆட்டு முடிதான் மெல்லிசு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு இனக் கிடாய்களைச் சேர்த்து வந்த இனம் அது. குளிர் மலையில் வளர்ந்தது. சித்திரை வெயிலில் இங்கே என்ன பாடுபடும் என்று யாருக்கும் சந்தேகம் வரும். அதற்குத்தான் வியாபாரி பதில் வைத்திருந்தார்: “அண்ணே, இது மலையிலேர்ந்து நேரா இறக்குனது இல்ல. ரெண்டு தலைமுறை கீழ வச்சுப் பழக்குன ஆடு.”

அடுத்தது முடி விற்பனை. ஆட்டுக்கு வருஷம் நாலு கிலோ முடி, கிலோ ஆயிரம் ரூபாய்க்கு அவரே எடுத்துக்கொள்வாராம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியும் கொடுத்தார். உண்மையில் நீலகிரி ஆட்டிலேயே ஒரு தடவை கத்தரித்தால் அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் போகக் கழுவினால் அதிலும் குறையும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணத்தைப் போட்டவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அங்கேயும் ‘நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சுதான் தூண்டில்.

முழுப் பணமும் ஜீபேயில் போன பிறகு, லோடு ராத்திரியில் வந்தது. நிலக்கோட்டையில் ஏமாந்த இன்னொருவருக்கும் ராத்திரியில்தான் இறக்கியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் எல்லா வெள்ளை ஆடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

விடிந்ததும் மதினி ஒரு பெட்டையைப் பிடித்து, தோள்பட்டையில் இரண்டு கட்டை விரலாலும் முடியைப் பிரித்துப் பார்த்தார். மேலே அலசி வாரி விட்டிருந்ததால் பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே மெல்லிய இழைகளுக்கு நடுவே சுண்ணாம்பு நிறத்தில் தடித்த முடி, கொத்துக் கொத்தாக. அதற்குச் சுருளே இல்லை, மடக்கினால் படக்கென்று ஒடிகிறது. தொடைப் பக்கம் பார்த்தால் முக்கால்வாசி அதுதான். அந்த முடி நூலில் நிற்காது, சாயமும் சரியாக ஏறாது. மதினி ஒன்றும் பேசவில்லை, அடுத்த ஆட்டைப் பிடித்தார். அதுவும் அப்படித்தான்.

அப்புறம் காது. நீலகிரி ஆட்டுக்குக் காது அகலமாக, தட்டையாகத் தொங்கும்; மூக்குத்தண்டு வளைந்திருக்கும்; கிடாய்க்கும் கொம்பு மொட்டுதான் இருக்கும். வந்த கிடாய்க்கு நல்ல முறுக்குக் கொம்பு. பெட்டைகளுக்குக் காது பக்கவாட்டில் பின்னால் போகிறது. குறும்பையோடு ஏதோ கலந்தது என்பது எங்கள் கணிப்பு. எல்லாம் நாலு பல், அதாவது இளம் ஆடு என்றார். பாதி ஆடு கடை சேர்ந்து (எல்லாப் பல்லும் முளைத்து) வயதாகி, பல் தேய்ந்து இடைவெளி விட்டுப் போனவை.

காதுத் தோடு கதை இன்னும் மோசம். அரசுப் பண்ணை ஆடு என்று காட்ட மஞ்சள் தோடு போட்டிருந்தார். துளையைச் சுற்றிப் புண் ஆறவே இல்லை. கால்நடை மருத்துவர் அதிலிருந்த 12 இலக்க எண்ணை அரசுக் கால்நடைப் பதிவில் தட்டிப் பார்த்தார். எருமை என்று வந்தது! அவர் சிரித்துவிட்டார், எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆட்டுக்குக் குளம்பு அழுகல் வேறு. புது ஆட்டைத் தனியாகக் கட்டும் வழக்கம் எங்களுக்கு உண்டு என்பதால் கருப்பு ஆடுகள் தப்பின.

வியாபாரிக்குப் போன் செய்தால் முதலில் “இடம் மாறுன ஆடு, முடி செட்டாக நாளாகும்” என்றார். பிறகு நம்பரே இல்லை. அந்த ஆடுகளைத் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கறி விலைக்குத் தள்ளிவிட்டோம். கொடுத்ததில் பாதிகூடத் தேறவில்லை.

நீலகிரி இனம்தான் வேண்டும் என்றால் ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள், நம் ஊருக்கு ஆகுமா என்பதையும் சேர்த்து. மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றத்திலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் உண்டு. யாரிடம் வாங்கினாலும் பகலில், பட்டிக்கே போய், தோளிலும் தொடையிலும் முடியைப் பிரித்துப் பாருங்கள். வாரி விட்ட ஆட்டை நம்பாதீர்கள். இன்னொன்று, நாயுருவியும் ஊசிப்புல்லும் மண்டிய நம் மேய்ச்சலில் நீளமுடி ஆடு திரும்பி வந்தால் முடியில் பாதி முள்ளாகத்தான் இருக்கும். இதை எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார்.

ஏற்கெனவே இவரிடம் வாங்கியவர்கள் பத்திரம், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், காதுத் தோட்டின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஆன்லைனில் பணம் போனதற்கு 1930 எண்ணில் உடனே புகார் சொல்லலாம். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய ஆடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்களும் நிலக்கோட்டைக்காரரும் சேர்ந்து போடப் போகிறோம். உங்களிடமும் அதே மாதிரிப் பத்திரம் இருந்தால் தகவல் கொடுங்கள்.