கட்டற்ற மென்பொருளோடு பல வருடங்கள்: கணினியில் நிம்மதி, கைப்பேசியில் மல்லுக்கட்டு

கணினியில் விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ், கைப்பேசியில் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ், உலாவ பயர்பாக்ஸ், அரட்டைக்கு சிக்னல், கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி. எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள், அதாவது மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிந்தவை. பல வருடங்களாக என் அன்றாட வேலை முழுக்க இவற்றில்தான் ஓடுகிறது. இத்தனை காலம் புழங்கிய பிறகு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கணினியையும் கைப்பேசியையும் ஒரே தராசில் வைத்துப் பேச முடியாது.

கணினிப் பக்கம் பெரிய குறை இல்லை. எப்போது அப்டேட் போடுவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். மெனுவில் விளம்பரம் முளைப்பதில்லை. தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். தொல்லை தந்தது வைஃபை மட்டும்தான். அதற்கான ஃபர்ம்வேரின் (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருளின்) மூல நிரல் வெளியிடப்படாததால், டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் அதைச் சேர்க்காமல் வைத்திருந்தது. 2022-ல் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து அந்தத் தலைவலி போயிற்று. கட்டற்றவை மட்டும் என்ற கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் சரியான முடிவு. நிறுவும்போதே இணையம் கிடைக்காவிட்டால் புதியவர்கள் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

கைப்பேசி வேறு கதை. லினியேஜ் போட, கைப்பேசி தொடங்கும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று பார்க்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்தால் உள்ளிருக்கும் தரவெல்லாம் அழியும். அதைத் தாண்டிவிட்டால் பழைய கைப்பேசிக்கும் புது உயிர். கட்டற்ற செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் ஒரு செயலியை நிறுவும் முன்பே, அது நம்மைக் கண்காணிக்குமா, விளம்பரம் காட்டுமா என்பதையெல்லாம் அதன் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். இப்படிக் குறையை முன்கூட்டியே சொல்லும் கடை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஆனால் வங்கிச் செயலியைத் திறந்தால், "மாற்றியமைக்கப்பட்ட சாதனம்" என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. தயாரித்த நிறுவனம் அப்டேட்டை எப்போதோ நிறுத்திவிட்ட அந்தக் கைப்பேசிக்கு லினியேஜ்தான் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்துகொண்டிருக்கிறது. செயலிக்கு அது பொருட்டில்லை; உள்ளே இருப்பது நிறுவனம் கொடுத்த மென்பொருள்தானா என்று மட்டும் பார்க்கிறது. இப்போதைக்கு வங்கி வேலையைக் கணினி உலாவியில் முடிக்கிறேன். செயலியில் மட்டும்தான் சேவை என்று அவர்கள் சொல்லும் நாள் வந்தால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது. என் பொருளில் நான் எதைப் போட்டுக்கொள்வது என்பதை வேறொருவர் முடிவு செய்வதை ஏற்க முடியவில்லை.

சிக்னலை நம்புவதற்குக் காரணம் 2016-ல் நடந்த ஒரு விஷயம். பயனர் தகவலைக் கேட்டு அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. சேமித்து வைக்காததை யார் கேட்டாலும் கொடுக்க முடியாது. பதிவு செய்ய இன்றும் கைப்பேசி எண் கேட்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், உறவினர்கள் யாரும் அங்கே இல்லை என்ற பழைய பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

என்னை மிகவும் உலுக்கியது 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. ஒருவர் ஊதியமில்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். உதவுகிறேன் என்று வந்த முகமறியாத ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியைப் புகுத்திவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் கருவி) வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய்த்தான் அது பிடிபட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்திருக்கவில்லை. சோதனைப் பதிப்புவரை வந்துவிட்டது. மூல நிரல் கையில் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. ஆனால் உலகமே சாய்ந்திருக்கும் கருவியை ஒற்றை ஆளிடம் விட்டுவைத்ததும் இதே உலகம்தான். பயர்பாக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்பதும் இந்தப் பண வறட்சியின் இன்னொரு முகம். அதனால் நான் தினம் தொடும் கருவிகளுக்கு என்னால் முடிந்த நன்கொடையை அனுப்பிவருகிறேன்.

புதிதாக வர நினைப்பவர்கள் முதலில் உலாவியையும் கடவுச்சொல் கருவியையும் மாற்றுங்கள். அடுத்து, பேக்கப் எடுத்துவிட்டுக் கணினியில் லினக்ஸ் போடுங்கள். அதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். கைப்பேசியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கி உலாவியில் வேலை செய்கிறதா என்று சில வாரம் பழகிப் பார்த்துவிட்டு பூட்லோடரில் கை வைத்தால் போதும்.