ஆடிட் ஃபீஸில் மிச்சம் பிடிக்கப் போய் 14 லட்சம் போச்சு: டீலர் பாக்கி வைத்துத் தொழில் செய்கிறவர்கள் படியுங்கள்

கோயம்புத்தூரில் அண்ணனும் நானும் சேர்ந்து பம்ப்செட் உதிரி பாகம் செய்கிற சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். எங்களுக்கு நடந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் செப்டம்பர் 30-க்குள் ஏ.ஜி.எம். (ஆண்டுப் பொதுக்கூட்டம்) வைத்து ஆடிட்டரை முடிவு செய்யப் போகிற எத்தனையோ பேர் இதே இடத்தில் நிற்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பழைய ஆடிட்டர் கம்பெனி ஆடிட்டுக்கும் டாக்ஸ் ஆடிட்டுக்கும் சேர்த்து 1,10,000 ரூபாய் வாங்குவார். மார்ச் 31 அன்று அவர் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்து எங்கள் ஸ்டாக்கை எண்ணுவான். அப்புறம் இரண்டு பேர் எட்டு நாள் எங்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து வவுச்சர் வவுச்சராகப் பார்ப்பார்கள். ஏப்ரலில் பெரிய டீலர்கள் எல்லோருக்கும் பாக்கி எவ்வளவு என்று உறுதி கேட்டுக் கடிதம் போகும், பதில் எங்களுக்கு வராது, நேராக அவருடைய ஆபீஸுக்குத்தான் போகும். டீலர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் கணக்கரும் முணுமுணுப்பார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய ஐந்து வருடத் தவணை முடிந்தபோது கணக்கரே வேறு ஒருவரைச் சொன்னார். 30,000 ரூபாய், எல்லாம் அதில் அடக்கம், வேண்டுமானால் கணக்கையும் அவர்களே எழுதித் தருவார்களாம். (கம்பெனிக்கு ஆடிட்டராக இருப்பவரே அதன் கணக்கையும் எழுதக்கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 144-ம் பிரிவு சொல்கிறது. அது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தியிருப்பேன்.) "வெறும் கையெழுத்துக்கு ஒரு லட்சமாடா தம்பி?" என்று அண்ணன் கேட்டார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாற்றினோம்.

இரண்டு வருடம் அந்த ஆடிட்டர் எங்கள் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை. டேலி (கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்) பேக்கப்பை அனுப்பச் சொல்வார், நாலைந்து நாளில் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் வந்துவிடும். ஸ்டாக் எண்ண யாரும் வரவில்லை, ஒரு டீலருக்கும் கடிதம் போகவில்லை. கணக்குக் கொள்கைகளைச் சொல்கிற பக்கத்தில் 'நூல் இருப்பு' என்று இருந்தது. நாங்கள் செய்வது இரும்புச் சாமான். வேறு எந்த மில்லுக்கோ அடித்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதைக்கூடப் படிக்காமல் நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

வெளியே வந்தது தற்செயலாகத்தான். திண்டுக்கல் டீலர் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நேரில் வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அண்ணன் தயங்கித் தயங்கி 3,80,000 பாக்கியைப் பற்றிக் கேட்டார். அவர் முகம் மாறிவிட்டது. "என்னங்க இப்படிக் கேக்கறீங்க, போன ஐப்பசியிலேயே கட்டி முடிச்சுட்டேனே" என்று போனை எடுத்துக் காட்டினார். பணம் போயிருந்தது எங்கள் கணக்கரின் சொந்த அக்கவுண்டுக்கு. அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு டீலராகக் கூப்பிட்டோம். ஒருவர் கட்டியதை எடுத்துக்கொண்டு, அடுத்த டீலர் கட்டியதை முதல் டீலர் பேரில் வரவு வைத்து, இப்படியே சுற்றிச் சுற்றி மொத்தம் 14 லட்சம். ஃபீஸில் நாங்கள் மிச்சம் பிடித்தது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 1,60,000.

ஆடிட்டரிடம் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை ஆறவில்லை. "அந்த ஃபீஸுக்கு அவ்வளவுதாங்க பார்க்க முடியும்." சரி, திருட்டைப் பிடிப்பது ஆடிட்டரின் முதல் வேலை இல்லை என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கொடுத்த அறிக்கையில் தணிக்கைத் தரநிலைகளின்படி ஆடிட் செய்ததாகத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், 30,000 ரூபாய்க்குத் தகுந்த அளவு பார்த்தேன் என்று எங்கும் எழுதவில்லை. பேங்க் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் எங்களுக்கு சி.சி. லிமிட் (தொழில் ஓட்டத் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிற கடன் வரம்பு) கொடுக்கிறது. அந்தப் பணத்துக்கு வேலை செய்ய முடியாது என்றால் முதல் நாளே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கணக்கரோடு அவருக்கு உடந்தை என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் யாருடைய கணக்கைச் சோதிக்க வேண்டுமோ அவரையே ஆடிட்டரைத் தேடச் சொன்னது எங்கள் தப்பு.

இதைப் படித்துவிட்டு அதிக ஃபீஸ் கொடுத்தால் போதும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2000-ம் வருடம் அமெரிக்காவில் என்ரான் கம்பெனி ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆடிட் நிறுவனத்துக்கு ஆடிட்டுக்கு மட்டும் 2.5 கோடி டாலர் கொடுத்தது, ஆலோசனை முதலான மற்ற வேலைகளுக்கு 2.7 கோடி. அடுத்த வருடமே கணக்கு மோசடி வெளியாகி என்ரான் திவாலானது. நம் ஊரில் சத்யம் என்ற ஐ.டி. கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், பேங்கில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார். அங்கே ஆடிட் செய்தவர்கள் பெரிய பன்னாட்டுக் குழுமத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களும் பேங்கிலிருந்து உறுதிக் கடிதங்களைத் தங்கள் கைக்கு நேராக வரவழைக்காமல் விட்டார்கள். எங்கள் சின்னப் பட்டறையிலும் விட்டுப்போனது அதே கடிதம்தான்.

அதனால் தொகையைக் கேட்டதும் பேரம் பேசாதீர்கள், அந்தத் தொகைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் வருவார்கள், ஸ்டாக் எண்ண யார் வருவார்கள், பேங்குக்கும் டீலர்களுக்கும் கடிதம் போகுமா, பதில் யாருக்கு வரும் என்று கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இருக்கிற 18 இலக்க யூ.டி.ஐ.என். எண்ணை (ஒவ்வொரு அறிக்கைக்கும் ஆடிட்டர் தனித்தனியாக எடுக்கிற அடையாள எண்) சி.ஏ. இன்ஸ்டிடியூட் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் எல்லா ஆடிட் அறிக்கைக்கும் அது கட்டாயம், எங்களுடைய இரண்டாம் வருட அறிக்கையில் அது இல்லை என்பதை பேங்க் மேனேஜர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பழைய ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பொறுப்பை ஏற்கும் முன் புதியவர் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் விதி, எங்கள் விஷயத்தில் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

கணக்கர் மேல் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், ஆடிட்டர் மேல் இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு ஃபார்ம் 1-இல் புகார் போயிருக்கிறது. பழைய ஆடிட்டரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். இந்த முறை 1,40,000 கேட்டார், அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றார். போன வாரம் 42 டீலர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது, 29 பேரிடமிருந்து பதில் வந்துவிட்டதாம், மீதி 13 பேருக்கு நானே போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.